தோண்டவும் பிரிக்கவும் ஒரே டூலா, ரெண்டா? நம்ம கேமுக்கு எது ஒத்துவரும்

எங்க கேம்ல இப்ப முடிவு பண்ண வேண்டியது ஒரே ஒரு விஷயம், ஆனா அதுலதான் மத்ததெல்லாம் தொங்கிக்கிட்டு கெடக்கு. பிளேயர் கையில என்னத்த குடுக்குறது?

கதை ரொம்ப சிம்பிள். ஒரு கிரகம், அதுல கைவிட்டுப் போன ஒரு குவாரி, அந்தக் குவாரிக்குள்ள ஒரு சரக்குக் கப்பல் விழுந்து ஒடஞ்சு கெடக்கு. கடல் கப்பல் இல்ல, விண்வெளில ஓடுறது. பிளேயர் அங்க ஒரு காண்ட்ராக்ட் கூலி. பாறையத் தோண்டி தாது எடுக்கணும், கப்பலப் பிரிச்சு உருப்படியான பார்ட்ஸ் எடுக்கணும், ரெண்டையும் வித்து ஊருக்குத் திரும்புற டிக்கெட்டுக்கு காசு சேக்கணும். அவ்வளவுதான். சுடுற சோலியே கெடையாது. அதனால கையில இருக்குற டூல்தான் கேம், அது சலிப்பு தட்டுச்சுன்னா அரைமணி நேரத்துல அன்இன்ஸ்டால் பண்ணிட்டு போயிருவாங்க.

மதுரை காளவாசல் பக்கம் ஒரு மாடி ரூம்ல மூணு பேரு சேந்து செய்றோம், கோடு எழுதுற மாப்ள, மாடலும் அனிமேஷனும் பாக்குற தம்பி, டிசைன்னு சொல்லிக்கிட்டு வாய் பேசுற நான். கேம் கட்டுறது கோடோ (Godot) இன்ஜின்ல. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத காலேஜ் பசங்க லேப்டாப்ல ஓடணும், கீபோர்டுலயும் கன்ட்ரோலர்லயும் வெளாடுற மாதிரி இருக்கணும். இத மொதல்லயே சொல்லிடுறேன், ஏன்னா கீழ வர்ற பாதி சண்டைக்கு இதுதான் காரணம்.

மேசைல இருக்குறது நாலு வழி. ஒன்னு, ஒரே டூல், பட்டன் அமுக்குனா மோடு மாறும். ரெண்டு, தோண்ட ஒன்னு பிரிக்க ஒன்னுன்னு தனித்தனி டூல். மூணு, பாடி ஒன்னு, முன்னாடி இருக்குற தலைய மட்டும் கழட்டி மாத்துறது. நாலு, கையில எதுவும் வேணாம், வண்டில பெரிய மிஷின மாட்டி ஓட்டுறது.

நாலாவத இப்பவே தள்ளி வச்சிடலாம். வண்டின்னா ஃபிசிக்ஸ், சஸ்பென்ஷன், குழிக்குள்ள வண்டி விழுந்தா எப்படி தூக்குறது, கப்பலுக்கு உள்ள வண்டி எப்படி போகும்னு வரிசையா வேலை வந்துக்கிட்டே இருக்கும். பெரிய டீம் வச்சிருக்கவங்க செய்யட்டும். எலைட் டேஞ்சரஸ்ங்கிற விண்கப்பல் ஓட்டுற கேம்ல 2018 டிசம்பர் அப்டேட்ல கொண்டாந்த மைனிங் இந்த வகையில ரொம்ப அழகு, விண்கல்லுல இருக்குற விரிசல்கள தேடி ஒவ்வொன்னுலயும் வெடி வச்சு, மொத்த சக்தி சரியான அளவுல நிக்குற மாதிரி பாத்து வெடிக்கணும், கூடிப்போனா சரக்கு சேதாரம், கொறஞ்சா கல்லு பிளக்காது. அந்த ஐடியாவ மட்டும் நாங்க எடுத்துக்கிட்டோம், வண்டிய விட்டுட்டோம்.

இப்ப மொதல் வழி. ஒரே டூல், மோடு மாத்துறது. இதுக்கு பெரிய உதாரணம் 2016ல வந்த நோ மேன்ஸ் ஸ்கைங்கிற கேம். கையில மல்டி டூல்னு ஒன்னு, அதுலயே மைனிங் பீம் (பாறைய ஒடைக்கிற ஒளிக்கதிர்), அதுலயே துப்பாக்கி, அதுலயே ஸ்கேனர், 2017 அப்டேட்ல மண்ண அள்ளி நெரவுறதுக்கு ஒரு கருவியையும் அதுக்குள்ளயே வச்சிட்டாங்க. செய்றவங்களுக்கு இதுல லாபம் ஜாஸ்தி. மாடல் ஒன்னு, கை அனிமேஷன் ஒரு செட்டு, இன்வென்டரில ஒரு எடம், கன்ட்ரோலர்ல ஒரு பட்டன். தம்பிக்கு இதுதான் புடிச்சிருக்கு, அவன் சொல்றதுலயும் நியாயம் இருக்கு, அவன்தான ஒவ்வொரு விரலையும் ஒக்காந்து அசைக்கணும்.

ஆனா எனக்கு இதுல ஒரு பயம். மோடு மாறுனது பிளேயருக்கு எப்படி தெரியும்? ஸ்க்ரீன் மூலைல ஒரு சின்ன ஐகான் மாறும், பீம் கலர் மாறும். வெளாடுறவன் கண்ணு பாறை மேல இருக்கும், மூலைய எவன் பாக்குறான். பாறை தோண்டிட்டு அப்படியே கப்பலுக்குள்ள நடந்து வந்து, அதே மோடுல எரிபொருள் பைப்புக்கு முன்னாடி பட்டன அமுக்குவான், கப்பல் வெடிக்கும், அவனும் போயிடுவான். அப்புறம் அவன் தன்னத் திட்ட மாட்டான், கேமத்தான் திட்டுவான். சாம்பாரு ஊத்துன கரண்டியக் கழுவாம பாயாசத்துல விட்டா என்ன ஆகுமோ அதுதான் இங்கயும். இத சொன்னப்ப தம்பி, "அண்ணே, அப்ப கப்பலுக்குள்ள போனவுடனே மோட தானா மாத்தி விட்ருவோம்"னான். அது இன்னும் மோசம். டூலே முடிவு பண்ணிருச்சுன்னா பிளேயருக்கு அங்க என்ன வேலை?

இந்த எடத்துல கொஞ்சம் நிக்கணும். தோண்டுறதும் பிரிக்கிறதும் வெளிய இருந்து பாத்தா ஒரே வேலையாத் தெரியும், ரெண்டும் எதையோ ஒடச்சு எடுக்குறதுதானன்னு. கிட்டக்க போய் பாத்தா ரெண்டும் வேற வேற புத்தி.

காயலாங்கடைல ஒரு பழைய லாரிய பிரிக்கிறத நின்னு பாத்தா இது நல்லா புரியும். எடுத்த எடுப்புல யாரும் கேஸ் கட்டர தூக்க மாட்டாங்க. மொதல்ல பேட்டரி கழளும். அப்புறம் டீசல் டேங்க், உள்ள மிச்சம் இருக்குறத வடிச்சு, டேங்க தனியா தூக்கி அங்கிட்டு தூரமா வச்சிருவாங்க, ஏன்னா காலி டேங்க்ல நிக்கிற ஆவிதான் நெருப்பு பட்டா வெடிக்கிறது. அப்புறம் வயரிங் பூராம் உருவி எடுக்கணும், அது செம்பு, இரும்போட சேந்து போச்சுன்னா செம்பு வெலை கெடைக்காது. ரேடியேட்டர் தனி, அலுமினியம் தனி. இன்ஜின் கியர்பாக்ஸ் எறங்குனதுக்கு அப்புறம் கடைசியாத்தான் சேசிஸ்ல நெருப்பு வைக்கிறது. அதுலயும் பாருங்க, டார்ச்ச பத்த வச்சவுடனே வெட்டு விழாது. தீய ஒரே எடத்துல புடிச்சிக்கிட்டு நிப்பாரு, இரும்பு ஓரம் கருப்புல இருந்து நல்ல செவப்பாகுற வரைக்கும் பொறுமையா, அப்புறம்தான் லீவர அமுக்குவாரு, சொய்ங்னு ஆக்சிஜன் பாஞ்சு பொறி பூராம் கீழ்ப்பக்கமா கொட்டும். அதுக்கு முன்னாடி லீவர அமுக்குனா வெறும் காத்துதான் போகும். அதே டார்ச்ச ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்லயோ அலுமினியத்துலயோ வச்சா சரியா வெட்டாது, மேல உண்டாகுற ஆக்சைடு படலம் லேசுல உருகி வழியாம தடுத்துரும். அதனாலதான் கடைக்காரர் சட்டப்பையில ஒரு காந்தம் வச்சிருப்பாரு, ஒட்டுனா பெரும்பாலும் சாதா இரும்பு, ஒட்டலன்னா யோசிக்கணும்.

ஆக பிரிக்கிற வேலைல கேள்வி "எதுக்கு அப்புறம் எது"ங்கிறது. வரிசை தப்புனா நஷ்டம், இல்ல உசுருக்கு ஆபத்து.

பாறைல அப்படி இல்ல. மேலூர், கீழவளவு பக்கம் கிரானைட் குவாரிகள் எப்படி வெட்டி வச்சிருக்காங்கன்னு ரோட்டுல போறப்ப பாத்திருப்பீங்க, ராட்சசப் படிக்கட்டு கணக்கா. பழைய முறையில வரிசையா குழி அடிச்சு, ஒவ்வொரு குழிலயும் இரும்பு ஆப்ப எறக்கி, சம்மட்டியால இந்தக் கோடில இருந்து அந்தக் கோடி வரைக்கும் மாத்தி மாத்தி ஒரு தட்டு தட்டிக்கிட்டே போவாங்க. ஒரே ஆப்ப ஓங்கி ஓங்கி அடிச்சா கல்லு கோணலாப் பிளக்கும். எல்லாத்துக்கும் சமமா கொஞ்சம் கொஞ்சமா அழுத்தம் ஏத்தணும். மொதல்ல டங் டங்னு கணீர்னு கேக்குற சத்தம் போகப் போக மாறும், உள்ள விரிசல் ஓட ஆரம்பிச்சா அந்த கணீர் போயி ஒரு அடங்குன சத்தம் வரும், அடிக்கிறவங்க காத வச்சே கண்டுபுடிச்சிருவாங்க. இப்ப பெரிய குவாரில வைர மணி கோத்த ஒயர் ரம்பம். ரெண்டு பக்கத்துல இருந்து துளை போட்டு உள்ளுக்குள்ள ரெண்டையும் சந்திக்க வச்சு, அது வழியா ஒயர விட்டு வளையமாக்கி, தண்ணி ஊத்திக்கிட்டே மோட்டர் இழுக்க இழுக்க கல்லு வெண்ணெயா அறுபடும். அந்த பிளாக்ல குறுக்க ஒரு விரிசல் விழுந்தா போச்சு, ஸ்லாபுக்குப் போக வேண்டிய கல்லு ஜல்லிக்குப் போயிரும்.

பாறைல கேள்வி "எங்க, எம்புட்டு"ங்கிறது. ரெண்டு வேலைக்கும் பயம் வேற, பொறுமை வேற. என்னோட மொத்த வாதமும் இந்த ஒரு விஷயத்துல இருந்துதான் வருது, டூல் எத்தனைங்கிறது இன்வென்டரி கணக்கே இல்ல, பிளேயர் எதுக்கு பயப்படணும்ங்கிற கணக்கு.

சரி, அப்ப ரெண்டாவது வழி, தனித்தனி டூல்தான் நேரடி பதிலான்னு கேக்கலாம். மாப்ள இந்தக் கட்சி. அவன் கைகாட்டுறது டீப் ராக் கேலக்டிக், குள்ளனுங்க சுரங்கம் தோண்டுற கேம், 2020ல முழுசா வெளிவந்தது. அதுல எல்லா குள்ளனுங்க கையிலயும் ஒரு கோடாலி எப்பவும் இருக்கும், தேயாது, தீராது, தனி பட்டன், எந்த ஆயுதம் கையில இருந்தாலும் பட்டன அமுக்குனா கோடாலி வரும். ட்ரில் வச்சிருக்கது ஒரு வகை குள்ளன் மட்டும், அதுக்கு எரிபொருள் தீரும், ரொம்ப ஓட்டுனா சூடாகி நின்னுரும். இது ரொம்ப புத்திசாலித்தனமான பங்கீடுன்னு நான் நெனைக்கிறேன், அடிப்படை வேலைக்கு கணக்கே பாக்காத டூல், வேகத்துக்கு மட்டும் கணக்கு.

பிரிக்கிற பக்கம் பாத்தா ஹார்ட்ஸ்பேஸ் ஷிப்பிரேக்கர விட்டா வேற பாடப்புஸ்தகம் கெடையாது. 2022ல முழுசா வந்துச்சு. கப்பல வெட்ட ஒரு லேசர் கட்டர், அறுத்தத இழுக்கவும் தள்ளவும் ஒரு கிராப்பிள். கட்டர்லயே ரெண்டு வகை, ஒன்னு புள்ளியா உருக்குறது, ஒன்னு கோடா அறுக்குறது, அந்தக் கோட்ட நின்ன வாக்குலயும் படுத்த வாக்குலயும் திருப்பிக்கலாம். காத்து அடச்சிருக்க ரூம, அந்தக் காத்த வெளிய விடாம வெட்டுனா எல்லாம் வெடிச்சு செதறும், ரியாக்டர பிடுங்குனா சீக்கிரமா கொண்டு போய் சேக்கணும். எல்லாத்துக்கும் மேல பிளேயர் தலைல நூறு கோடி கிரெடிட்டுக்கு மேல கடன். வரிசை தப்புனா காசு போகும்ங்கிறத எங்கயும் வாயால சொல்லாமயே டூல வச்சே சொல்லிட்டாங்க. கட்டரும் கிராப்பிளும் தனித்தனியா இருக்கதுனால கை மாறுறப்ப மனசும் மாறுது, வெட்டுறப்ப ஒரு மாதிரி, இழுக்குறப்ப ஒரு மாதிரி.

ஆனா அது பிரிக்கிறத மட்டும் செய்ற கேம். எங்களுக்கு பாறையும் இருக்கு. தனித்தனின்னு போனா கோடாலி, ட்ரில், கட்டர், இழுக்குறதுக்கு ஒன்னு, ஸ்கேனர்னு அஞ்சு ஆகிப்போகும். கன்ட்ரோலர்ல நாலு பக்க அம்புக்குறிதான் இருக்கு. அஞ்சாவதுக்கு வட்ட மெனு போடணும், வட்ட மெனு வந்துட்டா ஆட்டத்தோட தாளம் நின்னு போகும். அப்கிரேடும் சிக்கல். அஞ்சு டூலுக்கு ஆளுக்கு மூணு அப்கிரேடுன்னா பதினஞ்சு, அம்புட்டுக்கும் பேலன்ஸ் பாக்க மூணு பேரால முடியாது. இன்னொன்னு, பிளேயர் எப்பவும் தனக்குப் புடிச்ச ஒரே டூலுக்கு காச எறக்கிட்டு மத்தத தொடவே மாட்டான். பாதி கேம் அப்படியே கெடக்கும்.

மூணாவது வழிதான் என் கட்சி. பாடி ஒன்னு, தலை வேற. இது புதுசு ஒன்னும் இல்ல, ஸ்டார் சிட்டிசன்ங்கிற விண்வெளி கேம்ல கையில வச்சிக்கிற மல்டி டூல்ல இப்படித்தான் மைனிங்குக்கு ஒரு மூஞ்சி, பொருள இழுக்க ஒன்னுன்னு மாட்டிக்கலாம், 2023 மார்ச்ல வந்த 3.18 அப்டேட்ல சால்வேஜ் (ஒடஞ்ச கப்பல்ல இருந்து சரக்கு எடுக்குற) தலையும் சேந்துச்சு, கப்பல் மேல்தோல சுரண்டி எடுத்து அத டப்பால சேத்து, அதே தலைய வச்சு இன்னொரு கப்பல ரிப்பேரும் பண்ணலாம். அங்க மைனிங்க்கு லேசர் சக்திய ஏத்தி எறக்கி பச்சைக் கட்டத்துக்குள்ள நிறுத்தணும், தாண்டுனா கல்லு முகத்துலயே வெடிக்கும். நல்ல டிசைன். ஆனா பச்சை செவப்பு மட்டும் வச்சு காட்டுனா பச்சை செவப்பு பிரிச்சுப் பாக்க முடியாத ஆளுங்களுக்கு சிக்கல், ஆம்பளைங்கள்ல அப்படி இருக்கவங்க கொஞ்சநஞ்சம் இல்ல. அதனாலதான் நாங்க மீட்டர விட சத்தத்த நம்பலாம்னு பாக்குறோம், காது கேக்காதவங்களுக்கு கன்ட்ரோலர் அதிர்வும் பாறை மேல ஓடுற விரிசல் கோடும் கூடவே இருக்கும்.

தலை மாத்துறதுல எனக்குப் புடிச்ச விஷயமே அது நேரம் எடுக்கும்ங்கிறதுதான். பட்டன அமுக்குனவுடனே மாறக்கூடாது. பிளேயர் நிக்கணும், டூல மடில சாய்க்கணும், பழைய தலைய திருகி எடுத்து இடுப்புல மாட்டி, புதுசக் கவ்வ விட்டு க்ளிக்னு ஒரு சத்தம். ரெண்டு செகண்டுக்கு கொஞ்சம் கம்மியா. அந்த ரெண்டு செகண்டுல வெளாடுறவன் மனசு பாறைல இருந்து கப்பலுக்கு வந்துரும். முன்ன சொன்ன பைப் வெடிக்கிற கதை இங்க கொறஞ்சிரும், ஏன்னா கையில என்ன இருக்குன்னு மூலை ஐகான பாக்க வேணாம், நடு ஸ்க்ரீன்ல டூலோட மூஞ்சியே வேற வடிவத்துல நிக்குது. தம்பிக்கும் இதுல சமாதானம் ஆகலாம், கை புடிக்கிற அனிமேஷன் ஒரே செட்டுதான, தலை மாடல் மட்டும்தான் புதுசு.

இதுக்கு மாப்ள சொன்ன எதிர்ப்பு சாதாரணமானது இல்ல. "ரெண்டு செகண்டு மொத தடவ நல்லாருக்கும், நூறாவது தடவ எரிச்சலா இருக்கும்டா"ன்னான். உண்மை. அதுக்கு நான் நெனைக்கிற வழி, லெவல அடுக்குறதுலயே இருக்கு. பாறை வேலை ஒரு பக்கம், கப்பல் வேலை ஒரு பக்கம்னு கொஞ்சம் தள்ளி வச்சா நிமிஷத்துக்கு ஒரு தடவ மாத்த வேண்டி வராது. கப்பல் பாதி பாறைக்குள்ள புதைஞ்சு கெடக்குற கடைசி லெவல்ல மட்டும் ரெண்டும் கலந்து வரும், அங்க அந்த ரெண்டு செகண்டு எரிச்சலா இல்லாம பதட்டமா இருக்கும், இருக்கணும்.

அடுத்தது, டூல எது கட்டுப்படுத்துறது. தேய்மானமா, சூடா, எரிபொருளா?

தேய்மானத்துக்கு எல்லாருக்கும் தெரிஞ்சது மைன்கிராஃப்ட். மரக் கோடாலி 59 தடவ, கல்லு 131, இரும்பு 250, வைரம் 1561, 2020ல வந்த நெதரைட் 2031. தங்கம் மட்டும் தமாஷு, எல்லாத்தையும் விட வேகமா தோண்டும், 32 தடவைல ஒடஞ்சிரும். மைன்கிராஃப்ட்ல இது செல்லுபடியாகுது, ஏன்னா ஒடஞ்சா நின்ன எடத்துலயே புதுசு செஞ்சுக்கலாம், செய்றதுதான் அங்க ஆட்டமே. எங்க கேம்ல செய்றது இல்ல. ஒடஞ்சா கேம்ப்புக்கு நடந்து போயி வாங்கிட்டு வரணும். அது தண்டனை, சுவாரஸ்யம் இல்ல. தேய்மானம் வேணாம்னு மூணு பேருமே ஒத்துக்கிட்டோம், அதிசயமா.

எரிபொருளும் எனக்கு அரைமனசு. தீந்து போச்சுன்னா அதுக்கு அப்புறம் வெளாட்டு "எரிபொருள் எங்க கெடைக்கும்"னு தேடுற வெளாட்டாயிரும்.

சூடு நல்லாருக்கு. சூடு தானா ஏறும் தானா எறங்கும், பிளேயர் அத தாளமா புடிச்சிக்கலாம். அதுலயும் ரெண்டு தலைக்கும் சூடு எதிரெதிரா வேலை செய்யணும்ங்கிறதுதான் நான் சண்டை போட்டு நிக்கிற எடம். பாறைத் தலைல சூடு கெட்டது, ஏற ஏற முனை மழுங்கி வேகம் கொறையும், நிறுத்தி ஆற விடணும். கட்டர் தலைல சூடு நல்லது, டார்ச் கணக்கா மொதல்ல காய விட்டு, ஓரம் செவந்ததுக்கு அப்புறம்தான் வெட்டு ஓடும். சூடு பாடில இருக்கு, தலைல இல்ல. அதனால பாறை தோண்டி பாடி கொதிச்சுப் போயிருக்கப்ப கட்டர மாட்டுனா சீக்கிரம் வெட்டலாம், காத்திருக்க வேணாம். கப்பல் வேலை முடிச்சு சூடோட பாறைக்குப் போனா டூல் மக்கர் பண்ணும். எந்த வேலைய மொதல்ல செய்றதுன்னு பிளேயரே கணக்குப் போட ஆரம்பிச்சிருவான், ட்யூட்டோரியல் எதுவும் இல்லாம. தனித்தனி டூலா இருந்தா இந்த சூடு பகிர்வு வரவே வராது, மோடு மாத்துற டூல்ல வரும் ஆனா மாத்துறது சும்மா ஒரு பட்டன்ங்கிறதுனால அதுக்கு ஒரு கனம் இருக்காது.

பீமா அடியாங்கிறது சின்ன கேள்வி, ஆனா உணர்வுல பெருசு. பீம் செய்றது சுலபம், ஒரு கோடு வரைஞ்சு கொஞ்சம் பொறி விட்டா போதும். ஆனா பாறைல பீம் அடிச்சா எதையோ அழிக்கிற மாதிரி இருக்கே தவிர ஒடைக்கிற மாதிரி இல்ல. 2008ல வந்த டெட் ஸ்பேஸ்ங்கிற கேம்ல ஹீரோ கையில இருக்குற பிளாஸ்மா கட்டரே சுரங்க டூல்தான், அத அரக்கனுங்க மேல சுடுறப்பகூட இத்தன கனமா தெரியக் காரணம் சத்தமும் கையில அடிக்கிற உதைப்பும், அதோட வெட்டுக் கோட்ட நிமித்திப் படுக்க வைக்கிற அந்த ஒரு திருப்பல். நாங்க பாறைக்கு அடி, கப்பலுக்கு தீன்னு போறோம். பாறைத் தலை ஜாக்ஹாமர் மாதிரி அதிரும். அடிக்கிற சத்தம் கணீர்ல இருந்து அடங்குனதா மாறுறப்ப நிறுத்துனா முழு பிளாக் விழும், நிறுத்தாம ஓட்டுனா ஜல்லி. இது ஒன்னுதான் எங்க கேம்ல நிஜமாவே எங்க ஊருல இருந்து வந்த விஷயம்னு சொல்லலாம்.

இனி மாப்ளயோட ராஜ்ஜியம், டெக்னிக்கல் சைடு. பாறைய நெஜமாவே எங்க வேணா தோண்ட விடணும்னா வோக்ஸல். பாறை பூராம் சின்னச் சின்ன கட்டமா கணக்கு வச்சு, தோண்டுன எடத்துல மேற்பரப்ப திரும்ப கட்டணும், அதுக்கு 1987ல வந்த மார்ச்சிங் கியூப்ஸ் முறையே இன்னைக்கும் ஓடுது. வரையுறது பிரச்சனை இல்ல, எது எதுல இடிக்குதுன்னு பாக்குற மோதல் கணக்குக்கு மெஷ்ஷ (மேற்பரப்போட முக்கோண வலைய) ஒவ்வொரு தடவையும் திரும்ப செய்யணும் பாருங்க, அங்கதான் பழைய லேப்டாப் மூச்சு முட்டும். அதிரடியா ஓடுற ஜாக்ஹாமர்னா செகண்டுக்கு எத்தனையோ தடவ அது நடக்கும். பீமா இருந்தாலும் இதே கதிதான். இன்னொரு வழி, பாறைய முன்னாடியே பிளெண்டர்ங்கிற 3டி மாடல் சாஃப்ட்வேர்ல செல் ஃபிராக்சர் (துண்டாக்குற வசதி) போட்டு ஒடச்சு வச்சிக்கிட்டு, தட்டுறப்ப துண்ட விடுவிக்கிறது. மலிவு. ஆனா எல்லாரும் ஒரே மாதிரி ஒடைப்பாங்க.

எங்க டிசைன்ல அடி அடியா சேத்து வச்சு கடைசில ஒரே தடவ பிளாக் பிளக்குறதுனால, வோக்ஸல மாத்துற வேலை அந்த ஒரு தடவதான். நடுவுல விரிசல் கோடு வெறும் டெக்ஸ்சர், பாறை மேல ஒட்டுற படம்தான். மாப்ள இத கேட்டதும்தான் என் கட்சிக்கு பாதி வந்தான். கப்பலுக்கு வோக்ஸலே வேணாம், ஒவ்வொரு பார்ட்டும் ஒரு புள்ளி, ஒவ்வொரு இணைப்பும் ஒரு கோடுன்னு ஒரு வலைப்பின்னல், கட்டர் ஒரு கோட்ட அறுத்தா எது எதோட ஒட்டிக்கிட்டிருக்குன்னு ஒரு தடவ தேடிப் பாத்து, தனியாப் போன கூட்டத்த தனி பொருளா விழ விடணும். நூத்துக்கணக்குல பார்ட்ஸ் இருந்தாலும் அந்தத் தேடல் கண் இமைக்கிற நேரம்கூட ஆகாது. அதே வலைல "டேங்க் இன்னும் காலியாகல, இந்த இணைப்ப சூடு பண்ணுனா வெடி"ன்னு கோட்டு மேலயே எழுதி வச்சிக்கலாம். காயலாங்கடை வரிசை அப்படியே டேட்டாவா வந்து ஒக்காந்துரும்.

தோண்டுன குழிய அப்படியே விடுறதா, ஆட்டத்த சேவ் பண்ணி திரும்ப வந்தா பாறை மொளைச்சிருக்கணுமாங்கிறதும் டூலோட சேந்த கேள்விதான். மொளைச்சா சேவ் ஃபைல் சின்னது, பிளேயருக்கும் சரக்கு தீராது. நான் மொளைக்கவே கூடாதுன்னு ஒத்தக் கால்ல நிக்கிறேன். நம்ம பக்கம் குழின்னா என்னன்னு எல்லாருக்கும் தெரியும். மூடிக் கெடக்குற குவாரி பூராம் பச்சைத் தண்ணி நிக்குது, அந்தக் குழி மூடவே மூடாது. 2024 கடைசில அரிட்டாபட்டி, நாயக்கர்பட்டி பக்கம் டங்ஸ்டன் சுரங்க ஏலம்னு சேதி வந்தப்ப மேலூர் வட்டாரமே ரோட்டுக்கு வந்துச்சு, 2025 ஜனவரில ஒன்றிய அரசு அந்த ஏலத்த ரத்து பண்ணுச்சு. பாறையில துளை போடுற ட்ரில் முனைல வைக்கிறதே டங்ஸ்டன் கார்பைடுதான்ங்கிறது இதுல ஒரு கூத்து. இந்த ஊருல ஒக்காந்து சுரங்க கேம் செஞ்சிட்டு, தோண்டுன மலை மறுநாள் காலைல மொளைச்சு நிக்குதுன்னா எங்க வீட்டுலயே சிரிப்பாங்க. குழி நிக்கட்டும், மழை பேஞ்சா தண்ணியும் நிக்கட்டும். சேவ் ஃபைலுக்கு மாறுன கட்டங்கள மட்டும் எழுதுனா போதும், பிளாக் பிளாக்கா விழுறதுனால அதுவும் அதிகம் வராது.

அப்ப முடிவு, மூணாவது வழி. ஒரு பாடி, பாறைக்கு அதிர்ற தலை, கப்பலுக்கு தீத் தலை. இழுக்குறதுக்கு தனி தலை கெடையாது, பாடிலயே ஒரு கொக்கிக் கயிறு, எந்தத் தலை மாட்டியிருந்தாலும் வேலை செய்யும், இது டீப் ராக் கோடாலிகிட்ட இருந்து எடுத்தது. ஸ்கேனருக்குப் பதிலா இடுப்புல ஒரு காந்தம், பார்ட்டுல ஒட்டுனா கட்டர் வெட்டும், ஒட்டலன்னா போல்ட்ட தேடிக் கழட்டணும். யூஐ (ஸ்க்ரீன்ல ஐகான், மீட்டர்) இல்ல, மெனு இல்ல. அப்கிரேடு பாடிக்கு மூணு, தலைக்கு ரெண்டு ரெண்டு, ஏழோட நிறுத்தியாச்சு.

யாருக்கு இது ஒத்துவராதுன்னும் சொல்லணும். உங்க கேம்ல எதிரிங்க வந்துக்கிட்டே இருந்தா ரெண்டு செகண்டு தலை மாத்துறது சாவடிச்சிரும், அங்க டீப் ராக் மாதிரி தனித்தனியா போயிடுங்க. தோண்டுறது சும்மா சைடு வேலைன்னா, நோ மேன்ஸ் ஸ்கை மாதிரி ஊர சுத்துறதுதான் முக்கியம்னா, மோடு மாத்துற டூலே போதும், யாரும் குறை சொல்லப் போறதில்ல. ஃபோனுக்கு செய்றவங்களும் அதத்தான் எடுக்கணும், தொடுதிரைல பட்டனுக்கு எடமே இல்ல.

ஒயர் ரம்பத்த மூணாவது தலையா வைக்கிறதுல மட்டும் இன்னும் இழுபறி. ரெண்டு துளை போட்டு உள்ள சந்திக்க வச்சு ஒயர் கோக்குறது அவ்வளவு நல்ல புதிர், எனக்கு விட மனசில்ல. வளைஞ்சு ஓடுற கயிறு ஃபிசிக்ஸ யாரு எழுதுறதுன்னு மாப்ள கேக்குறான். மொத டெமோல அது கெடையாது. டெமோ வெளாடுனவங்க பாறைப் பக்கம் ரொம்ப நேரம் நிக்கிறாங்களா, கப்பல் பக்கமே கெடக்குறாங்களான்னு பாத்துட்டு, பாறைப் பக்கம் கூட்டம் இருந்தா ஒயர எடுப்போம், இல்லன்னா அந்த நேரத்த கப்பல் வலைப்பின்னலுக்குப் போட்டுருவோம்னு பேசி வச்சிருக்கோம்.